நோட்டைக் கண்டால் நிற்கும் பஸ்

அன்புக்கரசி டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அந்த எட்டு மணிப் பஸ்தான் முன்னால் வந்து நிற்கிறது. நிற்காமல் போனதும் அதுதான்.

காங்கேயம் பக்கம், நாலா பக்கமும் தேங்காய்க் களங்கள் சூழ்ந்த நடுநிலைப்பள்ளி எங்களுடையது. டீச்சர் அறிவியல் எடுக்கிறார், நான் பகுதிநேரக் கம்ப்யூட்டர் ஆசிரியர். இரண்டு பேருடைய பெற்றோரும் பண்ணையத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்படிப்பட்ட நானே, ஆராய்ச்சி என்றால் நாலு புத்தகம் பார்த்து எழுதுவது என்றுதான் மூன்று வருடக் கல்லூரியிலும் நினைத்திருந்தேன்.

டீச்சர் எட்டாம் வகுப்பை ஆராய்ச்சி செய்ய நாலு நாலு பேராகப் பிரித்தார். ஒருவர் பார்க்கவேண்டும், ஒருவர் எழுதவேண்டும், ஒருவர் ஊராரிடம் விசாரிக்கவேண்டும். நாலாவது ஆளுக்கு, மற்ற மூவர் சொல்வதையும் சந்தேகப்படுவதே வேலை. அதற்குப் பிள்ளைகள் வைத்த பேர் ‘சண்டைக்காரர்’. எதை ஆராய்வது என்பதையும் அவர்களேதான் சொல்லவேண்டும்.

டீனாவின் குழு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவர்கள் ஸ்டாப்பில் நிற்பவர்கள் எல்லாம் இலவச பாஸ் பிள்ளைகள். டிக்கெட் காசு வராது என்று பஸ் பாதி நாள் நிற்பதே இல்லை. மற்ற மூவருக்கும் சைக்கிளோ, கொண்டுவந்து விட ஆளோ உண்டு. டீனாதான் லாரி ஓடும் ரோட்டில் தனியாக நடந்து வருவாள். களத்தில் தேங்காய் உடைக்கும் அவள் அம்மா சாராள், பஸ் இப்படியே போனால் அரையாண்டுப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார். மற்ற குழுக்களுக்கு ஆராய்ச்சி என்பது பாராட்டு வாங்கும் வேலை. டீனாவுக்குப் படிப்பே அதில்தான் இருந்தது.

ஸ்டாப்பில் ஜெஃபின் கடிகாரம் பார்க்க, சைத்ரா நீள நோட்டில் எழுதினாள். பூஜிதா காத்திருப்பவர்களை விசாரித்தாள். சண்டைக்காரர் டீனா. ஆறு நாள் கழித்து நோட்டைப் பார்த்தால், ஆறு நாளும் பஸ் நின்றிருந்தது. நாலு பேர் முகமும் சுண்டிப்போயிற்று. இதை பஸ் டெப்போவில் கொண்டுபோய்க் காட்டினால் குறையே இல்லை என்றல்லவா ஆகும்?

“ரெண்டு நாள் நிக்கலைன்னு எழுதிப்போடலாம். டெப்போக்காரரு வந்து பார்த்தாரா?” என்றான் ஜெஃபின்.

“பொய்யெழுதுனா, நெசமா நிக்காததையும் எவனும் நம்பமாட்டான்டா” என்றாள் டீனா.

எனக்கு வாய் துறுதுறுத்தது. டீச்சர் கையமர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீனா நோட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “பஸ்ஸு நமக்கு நிக்குதா, நோட்டுக்கு நிக்குதா?”

நோட்டுக்கு டிக்கெட் எடுக்கோணுமா என்று பூஜிதா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. துள்ளி எழுந்து அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். எழுதிய வேகத்தில் சாக்பீஸ் ஒடிந்தது.

“கண்டுபுடிச்சுக் காட்டுங்க கண்ணு.”

நோட்டை எந்த நாள் ஒளிப்பது என்பதில் அடுத்த சண்டை. நாமே முடிவெடுத்தால், பஸ் நிற்காது என்று தோன்றும் நாளாகப் பார்த்து ஒளிப்போம் என்றாள் டீனா. அதனால் தினமும் காலையில் காசைச் சுண்டினார்கள். தலை விழுந்தால் நோட்டு கையில். பூ விழுந்தால் எதிரிலிருந்த தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் சைத்ரா ஒளிந்து எழுதுவாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்யும் முறை அது என்று டீச்சர் என்னிடம் சொன்னார்.

இருபது நாளில் நோட்டு தெரிந்தது பதினொரு நாள். பதினொன்றிலும் பஸ் நின்றது. நோட்டு தெரியாத ஒன்பது நாளில் நின்றது இரண்டே நாள். அதிலும் ஒன்று, ஒரு பாட்டியை இறக்கிவிட நின்றது. அது நமக்காக நின்றதல்ல என்று டீனா தனியாகக் குறிக்கச் சொன்னாள். தனக்கு லாபமோ நட்டமோ, உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் அவளுக்கு.

பெற்றோர் சம்மதத்தோடு நாலு பேரையும் டெப்போவுக்குக் கூட்டிப் போனோம். பிள்ளைகள் கணக்கை எழுதியிருந்த தாளை மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, அந்தப் பஸ் கண்டக்டர் சீனிவாசலுவை வரவழைத்தார். அவர் பிள்ளைகளைப் பார்த்ததும் பின்னந்தலையைச் சொறிந்தார்.

“நோட்டைப் பார்த்து, மேல இருந்து செக்கிங்குக்கு ஏதோ ஏற்பாடுன்னு நெனச்சுப்போட்டேனுங்க சார்.”

மேலாளர் சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு கண்டக்டரிடம் கறாராகப் பேசினார். காசு சுண்டும் யோசனையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நாலு பேரும் சண்டை போட்டுக் கண்டுபிடித்ததாக டீனா சொன்னாள். அந்தத் தாளிலேயே அவர் உத்தரவு எழுதினார். மறுநாள் முதல் பஸ் நின்றது. அன்று டீக்கடையில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நான் இந்தக் கதையைச் சொன்னேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று சாராள் வந்து வகுப்பு வாசலில் நின்றார். படிப்பை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீச்சர் எழுந்துவிட்டார்.

“ஏனுங்க டீச்சர், பஸ்ஸு நித்தமும் நிக்குதுங்க. அவ படிக்கட்டும்.”

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. தயங்கி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். “களத்துல எங்க பொம்பளைங்க எல்லாத்துக்கும் எடது கையிலதான் புண்ணு வருதுங்க. ஏன்னு இந்தப் புள்ளைங்களப் பார்க்கச் சொல்லுங்களேன்.”

டீச்சர் வாய் திறக்குமுன் ஜெஃபின் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். பூஜிதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அத்தை. எத்தனை வருசமா வருதுங்க?”