கருப்பட்டிச் சாக்கு வைத்த டிரம்

முதலில் செல்போனில் பதிந்தோம். கேட்டால், மாடிப்படியில் தகர டப்பாக்கள் உருண்டு வருவது போல இருந்தது. அடித்தது நான்.

எங்கள் குழுவில் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் ஒருவர். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். கீபோர்டுகாரர் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஆபிசில் இருக்கிறார். டிரம்ஸ் நான். துறைமுகம் போகிற ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பகலில் பருப்பு நிறுப்பேன். சாயங்காலம் அடிப்பேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் சனிக்கிழமைதோறும் வாசிக்க ஆள் தேடினார்கள். எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிந்து அனுப்பச் சொன்னார்கள். அதற்குத்தான் இந்தப் பாடு.

கீபோர்டுகாரர் தகர டப்பாவை இன்னொரு தடவை கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வே, தப்பா நெனைக்காதயும். கீபோர்டுலயே டிரம்ஸ் இருக்கு. பட்டனை அமுக்குனா அதுபாட்டுக்கு அடிக்கும். பிந்தாது. டீ கேக்காது.”

“நான் எப்பவே டீ கேட்டேன்?”

“இப்ப டீயா முக்கியம்? நீரு அடிக்கது, லோடு லாரி பாலம் ஏறுத மாதிரி இருக்கு. பாட்டு முன்னால போவுது, நீரு பின்னால வாரீரு. ஓட்டல் மேடையும் சின்னதாம். ரெண்டு பேருன்னா சோலி சுளுவு.”

அந்த ரெண்டு பேரில் நான் இல்லை.

“அடுத்த ஞாயித்துக்கெழம மைக் வச்சு ஒழுங்கா பதிவோம். அதுவும் சரியில்லன்னா பட்டனை அமுக்கும்” என்றேன்.

அவர் சரி என்றார். பாடுகிறவர் துடைத்த கிட்டாரையே திரும்பத் துடைத்தார்.

டிரம்ஸ் பதிவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தேன். அதில் பேசியவர் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார். வெறும் சுவரில் சத்தம் மோதித் திரும்பி வருமாம். என்னிடம் பஞ்சு இல்லை. அரிசி இருந்தது.

கடைக்குப் பின்னால் சரக்கறை. நடுவில் நின்று கைதட்டினேன். சத்தம் மூட்டைகளுக்குள் போனது, திரும்பவில்லை. மூட்டைகளை நகர்த்தி நடுவில் இடம் செய்தேன். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் உளுந்து, முதுகுக்குப் பின்னால் மிளகாய் வத்தல். என் மனைவி வந்து பார்த்தாள்.

“உள்ள போயிட்டீங்க சரி. வெளிய எப்படி வருவீங்க?”

அதை நான் யோசிக்கவில்லை. ஒரு மூட்டையை எடுத்து வழி விட்டேன்.

மைக் நான்குதான். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டுகாரர் கொண்டுவந்த பதிவுப் பெட்டியில் நான்கு ஒயருக்குத்தான் ஓட்டை. ஒன்று கிக்குக்கு. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மை அப்படித்தான் சொல்வோம். அதன் முன்தோலில் இருக்கிற ஓட்டை வழியாக மைக்கைப் பாதி உள்ளே விட்டேன். ஒன்று ஸ்னேருக்கு. அது சின்ன டிரம். அடியில் கம்பி கட்டியிருக்கும், சுரீர் என்று பேசும். மிச்ச இரண்டும் தலைக்கு மேலே, மொத்தச் சத்தத்துக்கு.

மேலே உள்ள இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சத்தம் முந்திப் போனால் பதிவு கெடும். பொட்டலம் கட்டுகிற சணலை எடுத்து ஸ்னேர் நடுவிலிருந்து ஒரு மைக்குக்குப் பிடித்தேன். அதே சணலை மற்றதுக்கும் பிடித்தேன். ஒரு மைக்குக்கு ஸ்டாண்டு இல்லை. பழைய தராசு தொங்கிய கொக்கியில் கட்டினேன். 

கிக் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மிதித்தால் வெறுங்குடத்தைத் தட்டியது போல ஓவென்றது. உள்ளே மெத்தென்று ஏதாவது வைத்தால் அடங்கும். வீடியோக்காரர் தலையணை வைத்திருந்தார். மனைவியிடம் கேட்டேன்.

“என் தலையணை அதுக்குள்ள போச்சுன்னா, நீங்களும் அங்கனயே படுத்துக்கிடுங்க” என்றாள்.

மூலையில் உடன்குடிக் கருப்பட்டி வந்த காலிச் சாக்குகள் கிடந்தன. இரண்டை உதறி, மடித்து உள்ளே வைத்தேன். மிதித்தேன். தும். அவ்வளவுதான். தும். சோற்றுப் பானையை மணலில் இறக்கினால் வருகிற சத்தம். கீபோர்டுகாரர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“வே, இது நம்ம டிரம்மா?”

பாட்டை முன்பே பாடிப் பதிந்திருந்தார்கள். அது என் ஹெட்போனில் ஓடும். நான் அதற்கு அடிக்க வேண்டும். பாடுகிறவருக்கு அன்றைக்கு வேறு வேலை. ரோட்டில் கன்டெய்னர் லாரி போனாலே தரை அதிரும், ஸ்னேர் கம்பி தானாகச் சிணுங்கும். அதனால் அவர் வாசலில் துண்டோடு நின்றார். துண்டை வீசினால் லாரி வருகிறது. தோளில் போட்டால் அடிக்கலாம். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்.

முதல் தடவை நன்றாகப் போனது. பாதியில் கம்பி சிணுங்கியது. வெளியே எட்டிப் பார்த்தால், பாடுகிறவர் அந்தத் துண்டாலேயே முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேர்த்துருச்சு அண்ணாச்சி.”

இரண்டாம் தடவை இன்னும் நன்றாகப் போனது. ஆனால் எங்கள் தெருவில் பாதி ஷட்டர் என்றால் திறந்த கடை. ஒரு அம்மா குனிந்து உள்ளே குரல் கொடுத்தாள்.

“அண்ணாச்சி! கால் கிலோ உளுந்து! கருப்பு உளுந்து!”

நான்கு மைக்கிலும் விழுந்தது. கீபோர்டுகாரர் திரும்பப் போட்டுக் கேட்டார்.

“ஒம்மவிட இந்தம்மா தாளத்துல நிக்காவ.”

அதன் பிறகு என் மனைவி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர்கள் சரக்கை விரலால் காட்டினார்கள், அவள் நிறுத்துக் கொடுத்தாள். ஒருவர் சீரகத்தைக் கையால் காட்ட முடியாமல் கடுகு வாங்கிப் போனார்.

மூன்றாம் தடவை லாரி இல்லை, உளுந்து இல்லை. நான்தான் பிந்தினேன். கீபோர்டுகாரர் தன் கீபோர்டை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கடைசியா ஒன்னு” என்றேன்.

“கடைசி” என்றார்.

துண்டு தோளுக்குப் போனது. ஆரம்பித்தேன்.

முதல் நாலு வரியில் கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. பார்த்தேன். சிவப்பு எறும்பு. ஒன்றில்லை. கருப்பட்டிச் சாக்கை நான் மேலோட்டமாகத்தான் உதறியிருக்கிறேன். மடிப்புக்குள் குடும்பமாக இருந்திருக்கின்றன. மூன்று தடவை அவர்கள் வீட்டை இடித்திருக்கிறேன். யாராக இருந்தாலும் வெளியே வரத்தான் செய்வார்கள்.

நான் கட்டியிருந்தது சாரம், லுங்கி. அவற்றுக்கு அது வசதி.

நிறுத்தினால் பட்டன். நிறுத்தவில்லை. பல்லவி முடியும்போது முழங்காலில் இருந்தன. கால் தானாக வேகமாக மிதித்தது. ஹெட்போனில் பாட்டு எனக்கு முன்னால் ஓடவில்லை. முதன்முதலாக என் பக்கத்திலேயே வந்தது. சரணத்தின் நடுவில், சும்மா இருக்க வேண்டிய இடத்தில், முழங்காலுக்கு மேல் ஒன்று கடித்தது. கை போய்ப் பெரிய சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், விழுந்தது. அப்படி ஒரு அடி அந்த இடத்தில் இல்லவே இல்லை. ஒன்றும் செய்ய முடியாது. போய்க்கொண்டே இருந்தேன்.

பாட்டின் கடைசியிலும் அதே சிம்பல். அடித்துவிட்டு, அந்த ஓசை தேய்ந்து அடங்கும்வரை அசையக் கூடாது. ஸ்டூல் முனகினால்கூட மைக்கில் விழும். அடித்தேன். சிம்பல் பாடிக்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். எறும்புகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. கீபோர்டுகாரர் ஒரு கையைத் தூக்கி, கண்ணை மூடி, அந்த ஓசை போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல ரசிகர். அன்றைக்கு அவ்வளவு ரசித்திருக்க வேண்டாம்.

கையை இறக்கினார்.

நான் மிளகாய் மூட்டையைத் தாண்டி, ஷட்டருக்கடியில் குனிந்து, தெருவுக்கு வந்து சாரத்தை உதறினேன். கடுகுக்காரர் சீரகத்துக்குத் திரும்பி வந்திருந்தார். 

“என்ன அண்ணாச்சி, பாட்டு முடிஞ்சு ஆட்டமா?” என்றார்.

என் மனைவி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவருக்கா, எனக்கா தெரியவில்லை.

காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். கீபோர்டுகாரர் சரணத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வே, இந்த எடத்துல ஒரு அடி விழுதுல்லா. இத எப்படிவே யோசிச்சீரு?”

“யோசிக்கல.”

பாடுகிறவர் என் காலைப் பார்த்தார். தடித்துச் சிவந்திருந்தது. பிறகு டிரம்மைப் பார்த்தார். எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீபோர்டுகாரருக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் கீபோர்டை மடியிலிருந்து எடுத்து உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அன்றைக்கே அனுப்பினோம். ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் வரச் சொன்னார்கள். மேடையை ஒரு பலகை போட்டு நீட்டிவிட்டார்கள்.

கிக்குக்குள் இப்போது ஒரு பழைய தலையணை இருக்கிறது. நான் வைக்கவில்லை. யார் வைத்தது என்று கேட்கவும் இல்லை.

முதல் சனிக்கிழமை மேடையில் ஏறி உட்கார்ந்தேன். வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள். வேட்டி கட்டியிருந்தேன், இறுக்கமாக. கீபோர்டுகாரர் பக்கத்தில் வந்து, பையிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்து என் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பிந்தாம இருக்கதுக்கு” என்றார்.

எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். குச்சியைத் தட்டி நாலு எண்ணினேன்.