அம்புறோஸின் சின்னவிரல்

புலம்பெயர்ந்து வந்த இடத்தில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் தட்டு அடுக்குகிற வேலை அம்புறோஸுக்கு. ஊரில், மன்னாரில் இருந்தபோது ஷெல் விழுந்து, இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன. போன சின்னவிரல் சும்மா இருக்கவில்லை. குளிர் தொடங்கினால் கடிக்கும். சொறியப் போனால் அங்கே விரல் இருக்காது.

வைத்தியர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் கையை வைத்துச் செபித்தார். ஒன்றுக்கும் கடி அடங்கவில்லை. தனக்கு விசர் பிடிக்கிறதோ, புத்தி பேதலிக்கிறதோ என்ற பயத்தை அம்புறோஸ் யாரிடமும் சொல்லவில்லை. நகரத்தின் ஒரு சின்னக் கல்லூரியில் வயது வந்தவர்களையும் நரம்பியல் பட்டப்படிப்புக்குச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாற்பது தாண்டிய பிறகு போய்ச் சேர்ந்தார். அது 2003.

"மூளையைப் படிச்சு என்ன செய்யப் போறியள்?" என்றாள் மனைவி யோசெப்பின்.

"விரல் ஏன் கடிக்குதெண்டு பாக்கப் போறன்."

அந்தக் கல்லூரியில் நரம்பு படிக்கிறவர்களும் கவிதை, தத்துவம் என்று எல்லாம் படிக்கவேண்டும். கவிதையில் அவருக்கு நல்ல புள்ளி. இரசாயனப் பரீட்சையில் விழுந்தார். இனிப் போகமாட்டேன் என்று பையை மூலையில் போட்டார். யோசெப்பின் அதை எடுத்து வாசலில் வைத்தாள்.

"வீட்டிலை இருந்து அனுங்கிறதைவிட அங்கை போய் இன்னொருக்கா விழுங்கோ."

இரண்டாம் முறை விழவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு நாள், கையைக் காலை இழந்தவர்களின் மூளையைப் பற்றிப் பேராசிரியை பாடம் எடுத்தார். உறுப்பு போனாலும் மூளையில் அதற்குரிய இடம் அழிந்துவிடுவதில்லை, அதனால் இல்லாத விரலும் நோகும், கடிக்கும் என்றார். அம்புறோஸ் கையைத் தூக்கினார். தூக்கியது இடது கை.

"அப்ப, மிஸ், எனக்கு விசர் இல்லை?"

"இல்லை, அம்புறோஸ். உங்கள் மூளை அந்த விரல்களை இன்னும் விடவில்லை."

அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த மரி-ஏவ் என்ற பெண் கைக்குட்டையை நீட்டினாள்.

அடுத்த கிழமை அவளே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்துகொண்டு வந்தாள். இடது கையைப் பெட்டிக்குள் மறைத்து, வலது கையைக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கையும் முழுசாக இருப்பதுபோலத் தெரியும். எல்லோரும் சுற்றி நின்று பார்த்ததில் அம்புறோஸுக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்து யோசெப்பினுக்கு விளங்கப்படுத்தினார். "நான் கண்ணாடியைப் பாக்கிறன். நீர் என்ரை வலக்கைச் சின்னவிரலைச் சொறியும்."

"கடிக்கிறது இடக்கை. நான் வலக்கையைச் சொறியிறதே?"

"சொறியுமனப்பா!"

சொறிந்தாள். "இன்னும் கொஞ்சம் மேலை… அங்கைதான்… அங்கைதான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மகள் அஜிதா அறையிலிருந்து ஓடி வந்தாள். தாயும் தகப்பனும் கையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

வேலையும் படிப்புமாகப் பட்டம் வாங்க ஆறு வருடம் ஆனது. அவர் வைத்தியராகவில்லை. விபத்தில் கை கால் இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்றில் உதவியாளராக எடுத்தார்கள். அந்த ஊர்ப் பிரெஞ்சைப் பேச இன்றைக்கும் நாக்குத் தடக்கும். ஆனாலும் அங்கே வருகிறவர்கள் அம்புறோஸ் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே நோகிறது என்று முதலில் கேட்பார். இல்லாத காலைக் காட்டினாலும் அந்த இடத்தையே பார்த்துக் கேட்பார்.