பச்சையாகத் தின்கிற திலகவதி

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் பிளாஸ்டிக் மூடி செய்கிறோம். திலகவதி மூடியில் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவாள், நான் பெட்டியில் அடுக்குவேன். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. பெருமைதான், வேறென்ன? பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கென்ன கலெக்டரா சிநேகிதம்? இவள்தான் கிடைத்தாள், இவளே போதும்.

அவளுக்குத் திருப்பாச்சூர் பக்கம். சொந்தமாக நெல் வயல் வைத்திருக்கிற வீடு. பஸ்ஸில் சமோசா, கேன்டீனில் பரோட்டா என்று சுகமாக இருந்தவளுக்கு, மெடிக்கல் கேம்பில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பாவுக்கு அதே சர்க்கரையில்தான் கண் போனது. ஒப்பாரி வைப்பாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டாள், வாயைக் கட்டினாள்.

உள்ளூரில் சமாளித்துவிட்டாள். வெளியூர் போனால்தான் கதை கந்தலானது. கல்யாணம், கோயில் என்று போன இடத்திலெல்லாம் "ஒரு வாய்" என்று ஆரம்பிப்பாள். திரும்பி வந்து பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கும். கடைசியில் டாக்டரையும் கேட்டுக்கொண்டு ஒரு முடிவெடுத்தாள். வீடு, கம்பெனி தாண்டி வெளியூர் போனால் அடுப்பில் ஏறினது எதுவும் வாய்க்குள் போகாது. முளைகட்டின பயறு, ஊறவைத்த வேர்க்கடலை, கேரட், கொய்யா, தேங்காய்ப் பத்தை, அவ்வளவுதான். திருப்பதி போனபோது லட்டைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டாளாம். எனக்கெல்லாம் அந்த நெஞ்சுரம் வராதப்பா.

கம்பெனிப் பஸ்ஸில் இது தெரிந்த பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். "ஆடு ஏறுது, தழைய எடுத்து வையுங்கப்பா!"

"ஆமாண்டா, எந்த ஆட்டுக்காச்சும் சுகர் வந்துக்குதா, பாத்து சொல்லு" என்பாள்.

இந்த மே மாதம் மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனி லீவு விட்டது. எங்கள் குடும்பம் வேளாங்கண்ணிக்கு வேன் பேசியது. நான், என் வீட்டுக்காரர் சாம்சன், என் அம்மா மேரி, சித்தி வீட்டார் என்று வேன் நிறைய ஆட்கள். திலகவதியையும் வாடி என்றேன். கடல் பார்க்க ஆசைப்பட்டு வந்தாள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா சின்ன வயதில் கூலிக்கு நாற்று நட்டவள். நிலத்துக்காரர் வீட்டில் அம்மா பறித்துக்கொண்டு போகும் கீரையை வாங்கிக்கொள்வார்கள், காராமணியை வாங்கிக்கொள்வார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆசையாகச் சுட்ட அதிரசத்தைக் கொண்டுபோனாள். "அங்க வெச்சிட்டுப் போ" என்றார்கள். மறுபடி அந்தப் பக்கம் போனபோது அது மாட்டுத் தொட்டியில் கிடந்தது. பச்சையாக இருந்தால் ஆகும், எங்கள் அடுப்பில் வெந்தால் ஆகாது. அன்றோடு நிலம் வைத்திருக்கிற வீட்டு ஆட்கள் யாருக்கும் அம்மா ஒரு தட்டு நீட்டியதில்லை.

அந்த அம்மா திலகவதிக்காக விடியலில் எழுந்து, காரம் குறைத்துக் கோழி பிரியாணி போட்டாள். அவள் பயணத்தில் சமைத்ததைச் சாப்பிட மாட்டாள் என்று நான் சொல்லாமல் இல்லை. "என் கையால குடுத்தா வாணான்னுவாளா?" என்றுவிட்டாள்.

திண்டிவனம் தாண்டி ஒரு புளியமர நிழலில் வேனை நிறுத்தினோம். அம்மா வெங்காயத் துண்டோடு முதல் தட்டைப் போட்டுத் திலகவதியிடம் நீட்டினாள். இவள் மடியில் பயறு டப்பா திறந்திருந்தது.

"வாணாம்மா, வெளியூர்ல நான் பச்சையாதான் சாப்புடுவேன். அந்த வெங்காயம் மட்டும் ரெண்டு துண்டு குடுங்க, போதும்."

பச்சை வெங்காயம் மட்டும் போதுமாம்! அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அண்டாவை மூடினாள். வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வர்ற பஸ் ஸ்டாண்டுல அவள எறக்கி வுட்டுடு. இனிமே நம்ம ஊட்டு வாசப்படி அவ மிதிக்கக் கூடாது."

"யம்மா, தெனம் என் டப்பாலேர்ந்து மீன் கொழம்பு எடுத்துத் துன்றவம்மா அவ!"

"அது பாக்டரில. அங்க யாரு பாத்தா? பத்துப் பேரு பாக்கறப்ப வாணான்றா பாரு, அதான் நெசம்."

அம்மாவை விடுவதா, அவளை விடுவதா? என் பிழைப்பு இப்படியா ஆக வேண்டும்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திலகவதியைத் தனியே இழுத்துக்கொண்டு போய், அதிரசத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நேராக வந்து கீழே இருந்த தட்டை எடுத்தாள்.

"வையி கீழ" என்றாள் அம்மா. "சொல்லிக் குடுத்து நீ ஒண்ணும் துன்ன வாணாம். எனக்குப் பிச்சை போடுறியா?"

திலகவதி தட்டை வைத்துவிட்டாள். பிரியாணி ஆறியது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையோடு வந்தாள். பிள்ளைகளுக்காகச் சாம்சன் வாங்கினார். அம்மா கையிலும் ஒன்றைத் திணித்தார். அம்மா வேண்டாவெறுப்பாக அதைப் பாதி கடித்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலகவதி எழுந்து போனாள். எல்லோரும் பார்க்க, அம்மா கையிலிருந்த அந்த மீதியைப் பிடுங்கி, அம்மா கடித்த இடத்திலேயே வாயை வைத்துக் கடித்தாள்.

"இன்னாடி பண்ற, எச்சிடி அது!" அம்மா அலறினாள்.

"இதுக்கு அடுப்பு வாணாம்மா. நான் சாப்புடலாம்."

கறுக்கு முறுக்கென்று மென்றாள். மென்றவள் முகம் கோணிக்கொண்டு போனது.

"ஐய, கசக்குது! இத எப்டிம்மா துன்னுக்கினு இருந்தீங்க?"

"நான் எங்க ருசி பாத்தேன்! கசந்தா துப்புடி."

"துப்ப மாட்டேன்."

விழுங்கினாள். மிச்சத்தையும் வாயில் போட்டு மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கசப்பிலா, வேறெதிலா, அது அவளுக்குத்தான் தெரியும். எனக்கு வந்தது பெருமையில். ஐயோ, என் சிநேகிதிடா இவள் என்று ரோட்டில் போகிற லாரியை எல்லாம் நிறுத்திக் கத்த வேண்டும்போல இருந்தது.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடைக்காரியிடம் போய் இன்னொரு பிஞ்சைப் பொறுக்கினாள். முந்தானையில் துடைத்து நுனியைக் கடித்து மென்று பார்த்தாள். கசக்கவில்லை போல. மீதியைத் திலகவதியிடம் நீட்டினாள்.