நிறுத்தலாம் என்று நான்தான் சொன்னேன்

ஷீபாவின் நோய் திரும்பி வந்ததற்கு நான்தான் காரணம். தெரியாமல் செய்த தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன்... பொறாமையால் செய்தேன்!

குழித்துறையில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள குளிகையை வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குவார்கள். மனசுக்கு உள்ளதை மட்டும் பஸ் ஏறிப்போய், முகம் தெரியாத ஊரில் வாங்குவார்கள். அப்படித்தான் திருவட்டாற்றிலிருந்து ஷீபா எங்கள் கடைக்கு வந்தாள். சீட்டை நீட்டிவிட்டு நிமிர்ந்தவள் என்னைக் கண்டதும் வெளிறிப்போனாள். பத்தாம் வகுப்புவரை அவளும் நானும் ஒரே பெஞ்சு!

யாரிடமும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் யோக்கியம்.

ஆனால் உள்ளுக்குள் என்ன நடந்தது தெரியுமா? சந்தோஷப்பட்டேன். படிப்பில் நான் முதல். அவள் கடைசிக்கு முந்தினவள். அவளுக்கு வாய்த்தவர் துபாயில் என்ஜினீயர். எனக்கு வாய்த்தவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். அவள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'அப்பாடா, உனக்கும் ஒன்று வந்ததா' என்று நினைத்தேன். சீ... எழுதும்போதே கூசுகிறது.

மாதம் ஒருமுறை, கடையில் ஆள் ஒழிந்த மத்தியானமாகப் பார்த்து வருவாள். காலையில் கட்டிலைவிட்டு எழும்புவதே பெரும்பாடு என்பாள். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் ஒன்றும் தோன்றவில்லை, அழுகைகூட வரவில்லை என்பாள். நான் 'உச்' கொட்டுவேன். விடியுமுன் எழும்பிச் சோறு பொங்கிவைத்துவிட்டு ஓடிவருகிற எனக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? இருந்து தின்பவளுக்கு வருகிற கொழுப்பு... மனசு இப்படித்தான் ஓடும்.

அது கொழுப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்! எங்கள் பார்மசிஸ்ட் மேடம் எங்களை உட்காரவைத்து வகுப்பே எடுத்திருந்தார். மனச்சோர்வு ஒரு நோய், வசதி பார்த்து வருவதில்லை, தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். குளிகை பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். சுகமாகிவிட்டது என்று வருகிறவர்களிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். மருந்து வேலை செய்வதால் வந்த சுகம் அது. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், பதற்றம் வரும், நோயும் திரும்பலாம். 'டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க' என்ற ஒரு வரியைச் சொல்லி அனுப்பினால் போதும் என்றார். திருப்பிக் கேட்டபோது ஒன்று விடாமல் ஒப்பித்துக் கைத்தட்டு வாங்கியவள் நான்.

ஆறாம் மாதம் ஷீபா வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணில் மை. வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்கு வருகிறார், பிள்ளைகளோடு மூணாறு போகிறோம் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த நோயும் போய்விட்டால் அவளிடம் இல்லாதது எது?

"எனக்கு இப்ப நல்ல சுகம் உண்டுட்டி. இனி இத நிறுத்தலாமா?"

அந்த ஒரு வரி நாக்கு நுனியில் நின்றது. மேடம் சாப்பிடப் போயிருந்தார். நான் சொன்னேன்:

"நிறுத்துட்டி. உனக்கு என்ன குறை? தைரியம் இல்லாதவளுவளுக்குத்தான் இந்தக் குளிகை."

அவள் மருந்து வாங்காமல் போனாள்.

அவள் விழ வேண்டும் என்றா நினைத்தேன்? தெரியவில்லை... எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைய வேண்டும் என்று நினைத்தேன். அதுமட்டும் நிச்சயம்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவள் போன் நம்பர் என்னிடம் இருந்தது, கூப்பிடவில்லை. பிறகுதான் கேள்விப்பட்டேன். விடுமுறைக்கு வந்த கணவர், குளிக்காமல் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். மூன்று வாரம் கிடந்தாளாம். அவர் துபாய் வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிட்டார்.

போன வாரம் வந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். சீட்டை என்னிடம்தான் நீட்டினாள். நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் முதல் மாமியார்வரை கேட்டார்களாம். தானாகவே நிறுத்தியதாகச் சொல்லிவிட்டாளாம்.

"நீ சொன்னது சரிதாம் மக்கா. எனக்குத்தான் தைரியம் பத்தாமப் போச்சு."

கேட்டீர்களா! பொறாமையில் நான் சொன்ன பொய்யை, அவள் தன்னைப் பற்றிய உண்மையாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அது பொய் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவள் கணவர் உள்ளே வந்தார். அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். தன் கைக்குட்டையால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தார். என் நெற்றியை யாரும் அப்படித் துடைத்ததில்லை...

வாயை மூடிக்கொண்டேன். எந்த வேளைக்கு எத்தனை என்று கவரின்மேல் எழுதிக் கொடுத்தேன். தனக்குத் தைரியமில்லை என்று நம்பிக்கொண்டே அவள் காரில் ஏறிப் போனாள்.