கைடு வைத்துத் தீட்டிய உளி

தேர்வு எழுதுபவர் உளியை வெறுங்கையால்தான் தீட்ட வேண்டும் என்பது விதி. தொண்ணூறுகளில் கோவையில் தச்சுத் தேர்வு நடத்திய எனக்கு, தேர்வு விதிகளின் கையேடு முழுவதும் மனப்பாடம்.

கிணத்துக்கடவிலிருந்து வந்த நாச்சிமுத்துவுக்கு மில் இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போயிருந்தன. தேறினால் அதே மில்லில் தச்சு வேலை. இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உளியைக் கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும், சின்னச் சக்கரம் வைத்த கைடு ஒன்றை அவர் கல்லின் மேல் வைத்தார். அதை வெளியே வைக்கச் சொன்னேன்.

வாசலில் நின்ற அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சார், உங்க கண்ணாடியக் கழட்டிப்போட்டு அந்த ரூலைப் படிங்க பாக்கலாம்!"

"சும்மா இரு புள்ள, சார் கோவிச்சுக்கப் போறாரு," என்று நாச்சிமுத்து பதறினார்.

கழற்றிவிட்டு, மேசை மேலிருந்த கையேட்டைப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

"கைடு வெச்சே தீட்டுங்க," என்றேன்.

அந்த உளி தேக்கில் தடங்கலின்றி இறங்கியது. தேர்ச்சி என்று கையெழுத்திட்டேன். வெளியே அந்த அம்மாள், கணவரின் மிச்ச விரல்களில் ஒட்டியிருந்த எண்ணெயை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த விதி கைக்காகவா, கூருக்காகவா என்று அன்றுதான் முதன்முறையாக யோசித்தேன். செய்து முடித்ததற்கு அனுமதி கேட்டு அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்.

"அனுமதிக்கலாம்" என்ற பதில், நான் ஓய்வு பெற்ற நாளன்று வந்தது.