காட்டுப் பறவை என்று விற்றோம்

ஒரு கொட்டகையில் நான் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்துக் கொட்டகையில் வாயை மூடக் கூடாது. அரபு நாடு ஒன்றில், அல் ஐன் நகரத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போகும் சாலையில் ஒரு தனியார் பறவைப் பண்ணை, அங்கேதான் எனக்கு வேலை. ஹுபாரா என்ற பறவையை வளர்க்கிறோம். நம் கானமயிலுக்குச் சொந்தக்காரப் பறவை. கோழியைவிடக் கொஞ்சம் பெரிது, மணல் நிறம். வல்லூறைப் பறக்கவிட்டு இதைப் பிடிப்பதுதான் இந்த நாட்டுக்காரர்களின் பெரிய வேட்டை. வேட்டைக்கு விடப்போகும் குஞ்சுகள் முதல் கொட்டகையில் இருக்கும். மனிதனோடு பழகிவிட்டால் அவை பிறகு பயந்து பறக்காது. ஆகவே தலை முதல் கால் வரை சாம்பல் துணியைப் போர்த்திக்கொண்டு, ஊமையாகப் போய்த் தீனி வைத்துவிட்டு வரவேண்டும். இரண்டாவது கொட்டகையில் இனப்பெருக்கத்துக்கான சேவல்கள். இவை முட்டையிலிருந்து வந்த நாள் முதல் மனிதக் கையில் வளர்ந்தவை. இவற்றோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த பாஷையில் என்று கேட்டபோது மேலாளர் நபீல் சிரித்தார். குரல்தான் முக்கியம், பாஷை எதுவானால் என்ன என்றார். அவர் சிரியாக்காரர். அன்றிலிருந்து நான் விளாத்திகுளத்துத் தமிழில் ஊர் மழையைப் பற்றியும் வீட்டுச் சண்டையைப் பற்றியும் பறவைகளிடம் பேசி வருகிறேன்.

இப்படி வளர்ந்த சேவலுக்குத் தான் பறவை என்பதே தெரியாது. நான் வளர்த்தவற்றில் ஒன்றுக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தேன். காலையில் என் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டதும் துரை கழுத்து இறகுகளை விசிறி போல விரிப்பான். தலை அந்த வெள்ளை இறகுகளுக்குள் புதைந்துவிடும். கண் தெரியாமலே என்னைச் சுற்றிச் சுற்றி ஓடி ஆடுவான். என் பூட்ஸைத்தான் அவன் பெட்டையாக நினைத்திருந்தான். அந்த நேரத்தில் விந்தை எடுத்துப் பெட்டைகளுக்குச் செலுத்துவோம். ஊரில் மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிறவருக்கு உதவியாளாக இருந்தவன் என்பதால்தான் எனக்கு இந்த விசாவே கிடைத்தது.

வேட்டை எனக்குப் புதிதில்லை. எங்கள் கரிசல் காட்டில் சித்தப்பா கௌதாரி பிடிப்பார். பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டோடு கொண்டுபோய் வேலிக்கருவை மறைவில் வைத்துச் சுற்றிலும் கண்ணி விரிப்பார். அது கத்தும். தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். கூண்டுப் பறவைக்கு அன்று கூடுதலாகக் கறையான் கிடைக்கும். அங்கே ஏமாந்தது காட்டுப் பறவை. அதைத் தின்கிறவனுக்கு எந்தப் பொய்யும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இங்கே பறவை, ஆள் இருவரையும் ஏமாற்றியாக வேண்டும்.

இந்த நாட்டில் காட்டு ஹுபாராவை வேட்டையாடச் சட்டம் விடாது. பண்ணையில் வளர்ந்ததை, அனுமதி பெற்ற வேலிக்குள், காலில் வளையத்தோடு விட்டுப் பிடிக்கலாம். ஆனால் பணம் உள்ளவர்களில் சிலருக்கு அது இனிப்பதில்லை. அவர்கள் காதில் நபீல் ரகசியமாகச் சொல்வார்: வடக்கிலிருந்து வலசை வந்த ஒரு பறவை நம் வேலிக்குள் இறங்கியிருக்கிறது, யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன். சட்டப்படி சரியான பறவையைச் சட்டவிரோதமான பறவை என்று சொல்லி விற்பார். திருட்டுச் சாமானை நல்ல சாமான் என்று விற்பவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் அபு காலித் வந்தார். கிழவர், கைத்தடி ஊன்றித்தான் நடந்தார். வாலிபத்தில் பலுசிஸ்தான் மலைகளில் கூடாரம் போட்டு வேட்டையாடியவராம். அவர் சொன்னதை எங்கள் வண்டி ஓட்டுநர் இனாயத் எனக்கு இந்தியில் சொன்னார். இனாயத் பலுசிஸ்தான்காரர். காட்டு ஹுபாரா கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளுமாம். வல்லூறு மேலே விழும்போது பிசின் போன்ற எச்சத்தைப் பீய்ச்சி அதன் இறகை ஒட்டவைத்துவிட்டுத் தப்புமாம். "சாகிறதுக்குள்ள அப்படி ஒண்ணை இன்னொரு தடவை பாக்கணும்னு சொல்றாரு பாய்," என்றார் இனாயத்.

நபீல் சொன்ன வலசைப் பறவைக் கதையைக் கிழவர் நம்பவில்லை. நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பர்ரி?" என்று கேட்டார். பண்ணையில் நாள் முழுக்கக் கேட்கும் சொல் பர்ரா. வெளியே என்று பொருள். பறவை கூண்டில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். வேட்டைப் பறவைகளை அன்று காலைதான் வெளியே விட்டிருந்தோம். "ஐவா, ஐவா, பர்ரா," ஆமாம், வெளியே என்று பாலைவனத்தைக் கைகாட்டினேன். கிழவரின் கண் கலங்கியது. என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பிறகுதான் இனாயத் சொன்னார், பர்ரி என்றால் காட்டுப் பிராணி என்று. நபீல் என்னைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார். "நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டார். வேலைக்காரன் சொன்னதால நம்பிட்டார்."

மறுநாள் வேட்டைக்கு நபீல் தேர்ந்தெடுத்த பறவை துரை. துரைக்கு வயதாகிவிட்டது, விந்தில் உயிர் குறைந்துவிட்டது. "கலாஸ்," இவன் கதை முடிந்தது என்றார் நபீல். பார்வைக்கு மட்டும் கம்பீரம், காட்டுச் சேவல் என்று யாரும் நம்புவார்கள். காலில் இருந்த வளையத்தை இடுக்கியால் வெட்டச் சொன்னார். வளையம் இருந்த இடம் மழமழவென்று வெளுத்திருந்தது. அதில் ஈரமண்ணைப் பூசச் சொன்னார். நான் பூசினேன். துரை என் மடியில் அமைதியாக உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் பறக்க மாட்டான் முதீர், மனுஷனைப் பாத்தா ஓடி வருவான்," என்றேன். மேலாளரை அங்கே முதீர் என்றுதான் கூப்பிடுவோம்.

"அதனாலதான் நீ பக்கத்துல வரக்கூடாது. இனாயத்தோட வண்டியிலேயே உக்காந்திரு. தப்பிச்சு ஓடிட்டா பிடிக்கிறதுக்குத்தான் நீ."

காலை வெயில் ஏறும் நேரம். முன் வண்டியில் கிழவர், அவருடைய இரண்டு மகன்கள், நபீல். தூரத்துப் புதர் ஓரத்தில் துரை நின்றுகொண்டிருந்தான். இறக்கிவிட்ட இடத்திலிருந்து நகரவே இல்லை. எங்கே போவதென்று அவனுக்குத் தெரியாது. கிழவர் வல்லூறின் தோல் தொப்பியைக் கழற்றினார். நன்றாகப் பார்ப்பதற்காகவா, வேறெதற்கா தெரியவில்லை, நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். என் பூட்ஸ் சரளையில் நொறுங்கும் சத்தம் அவ்வளவு தூரம் கேட்டிருக்க வேண்டும். துரை திரும்பினான். கழுத்தை விரித்தான். வெள்ளை இறகுகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு என்னை நோக்கி ஆடியபடியே ஓடிவந்தான். மேலே வல்லூறு வந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது என்னவென்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. அடி விழுந்த பிறகும் எழுந்து, ஒரு கண் போய், இறக்கை தொங்க, மறுபடி இறகை விரிக்கப் பார்த்தான். இரண்டாம் முறை வல்லூறு அவன் முதுகில் நின்றுகொண்டு உயிரோடு பிய்க்க ஆரம்பித்தது. மகன்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தான். இனாயத் ஓடிப்போய் பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தை அறுத்தார். என்னால் அதைத்தான் நன்றியோடு நினைக்க முடிகிறது.

கிழவர் தடியை ஊன்றி நடந்து வந்தார். துரையின் காலைத் தூக்கி, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, முந்தின நாள் கேட்டதைப்போலவே மெதுவாக, "பர்ரி?" என்றார். இப்போது எனக்கு அந்தச் சொல் தெரியும். நபீல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். என் விசா, என் தம்பியின் படிப்பு, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. "லா. மாஃபி பர்ரி. மஸ்ரா," என்றேன். இல்லை, காட்டுப் பறவை இல்லை, பண்ணை.

அவர் கத்துவார், நபீலை அடிப்பார், என்னை ஊருக்கு அனுப்புவார்கள் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். கிழவர் துரையின் காலைக் கீழே போட்டார். பிறகு நபீலிடம் தணிந்த குரலில் பேசினார். நபீலின் முகம் மலர்வதைக் கண்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் இனாயத் சொன்னார். அடுத்த வாரம் கிழவருக்கு வெளிநாட்டிலிருந்து வியாபார விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கு இதே மாதிரி வேண்டுமாம், வளையம் இல்லாமல். ஓடிவந்து ஆடுகிற சேவலாகவே வேண்டுமாம். அது காட்டு ஹுபாராவின் கடைசி நாட்டியம் என்று அவர் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொள்வாராம்.

"உன் மேல கோபம் இல்லையாம் பாய். நல்ல ஆள், உண்மையைச் சொல்றான்னாராம். அன்னைக்கும் உன்னையே கூட்டிட்டு வரச் சொன்னாராம்," என்றார் இனாயத். நான் சொன்ன உண்மையை அந்த மனிதர் துடைத்து எடுத்துத் தன் பொய்யில் வைத்துக்கொண்டார். நான் போகமாட்டேன் என்றேன். நபீல் அதற்கும் கோபப்படவில்லை. என் பூட்ஸை வேறொருவனுக்குப் போட்டு அனுப்பினார். பூட்ஸுக்குள் இருப்பது யார் கால் என்று பறவைக்கு வித்தியாசம் தெரியாதாம்.

சித்திரையில் லீவில் ஊருக்கு வந்தேன். மனைவியின் அண்ணன் என்னைக் கோவில்பட்டிப் பக்கம் நாற்கரச் சாலையில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். வாசலில் காட்டுக்காடை என்று எழுதியிருந்தது. "உங்களுக்காகவே காலைலயே போன் பண்ணிச் சொல்லி வச்சேன் மாப்ள. சுத்தமான காட்டு ஐட்டம். அங்கெல்லாம் இது கிடைக்காதுல்ல?" என்றார். அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முதல் கடியிலேயே எலும்பு மெத்தென்று நொறுங்கியது. கூண்டை விட்டு வெளியே கால் வைக்காத பறவையின் எலும்பு அது.

"எப்படி இருக்கு மாப்ள?"

"காட்டுக்காடைதான் மச்சான்," என்றேன்.

ஓட்டல்காரர் இன்னும் ஒன்றைக் கொண்டுவந்து என் இலையில் வைத்தார். என் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பதினைந்து மைலில் இருக்கிறது நான் பிறந்த வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பெருமையாக, "துபாய்," என்றார். நான் துபாயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஓட்டல்காரர் மரியாதையாகத் தலையசைத்தார். நான் திருத்தாமல் குனிந்து சாப்பிட்டேன்.