எட்டுப் பேர், ஒன்பது வரிசை

போன மாதம் இறந்த அம்மா முடிக்காமல் விட்ட சால்வையை, எங்கள் ஊரான கட்கியின் கம்பளிப் பின்னல் சங்கத்தில் மடியில் விரித்தேன். அந்துருண்டை வாசனை என்னைச் சிறுமியாக்கியது.

சங்கத்தில் ஒருவர் இறந்தால், அவர் விட்டதை மற்றவர்கள் ஆளுக்கொரு வரிசை பின்னி முடிப்பார்கள். சங்கத்து ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்தபோது, எனக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் கழுத்தருகே நின்றிருந்தது. எட்டுப் பேர் பின்னினார்கள். அம்மா எண்ணினால் ஒன்பது வரிசை. ஒன்றில் மட்டும் பின்னல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சங்கத்தில் இடக்கைக்காரி ஸ்டெல்லா ஆன்ட்டி ஒருத்திதான்.

"பிரிச்சிடலாமா?" என்றார் ஒருவர்.

"அவ ஆசையாப் பின்னினது. இருக்கட்டும் விடுங்க," என்றாள் அம்மா.

மே மாத வெயிலிலும் அந்த வரிசை கழுத்தில் சில்லென்றிருக்கும்.

இன்று நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு வரிசை பின்னி முடித்தோம். நான் நூலை வெட்டவில்லை. ஊசிகளோடு சால்வையை அம்மாவின் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.